டேவிட் கில்மோர்: நண்பரின் இடத்தில் நின்று பாடியவர்

பிரிட்டனின் ‘பிங்க் ஃபிளாய்ட்’ ராக் இசைக்குழுவின் கித்தார் கலைஞர் டேவிட் கில்மோர். அக்குழுவின் முதன்மைப் பாடகர்களில் ஒருவரும் அவரே. குழு தொடங்கியபோது அவர் அதில் இல்லை. இளவயது நண்பர் ஒருவர் மனநலம் குன்றி மேடையில் நிற்க முடியாமல் போனபோது, அந்த இடத்தை நிரப்ப அழைக்கப்பட்டவர் அவர். அப்போது அவருக்கு வயது 21.

குழுவின் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதன் பாடல் ஒன்றையாவது கேட்டிருப்பார்கள். கண்டிப்பான பள்ளிக்கூடத்தை எதிர்த்துப் பிள்ளைகள் கூட்டமாகப் பாடும் 1979ஆம் ஆண்டுப் பாடல் அது. பிள்ளைகளின் குரல் ஓய்ந்ததும் தனியாக ஒரு கித்தார் எழுந்து வரும். அதை வாசித்தவர் கில்மோர்.

கேம்பிரிட்ஜ் நாட்கள்

டேவிட் ஜோன் கில்மோர் 1946ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் தேதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை டக்ளஸ் கில்மோர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் விரிவுரையாளர். தாயார் சில்வியா, ஆசிரியர் பயிற்சி பெற்றவர். பின்னாளில் பிபிசியில் படத்தொகுப்பாளராகப் பணியாற்றினார். படிப்பும் வசதியும் உள்ள குடும்பம்தான். வறுமையிலிருந்து எழுந்து வந்த ராக் கலைஞர்களின் வழக்கமான கதை இங்கு இல்லை.

பில் ஹேலியின் இசைத்தட்டுதான் அவர் முதன்முதலில் வாங்கியது. எல்விஸ் பிரெஸ்லியும் எவர்லி சகோதரர்களும் அந்த ஆர்வத்தை வளர்த்தார்கள். அண்டை வீட்டுக்காரரிடம் ஒரு கித்தாரை இரவல் வாங்கினார். அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் தயாரித்த பயிற்சிப் புத்தகத்தையும் இசைத்தட்டையும் வைத்துக்கொண்டு தாமே பழகினார்.

பதினொரு வயதில் ஹில்ஸ் ரோட்டில் உள்ள பெர்ஸ் பள்ளியில் சேர்ந்தார். அதே சாலையில் இருந்த மற்றொரு பள்ளியில் படித்தவர்கள் சிட் பேரட்டும் ரோஜர் வாட்டர்ஸும். மூவரின் வாழ்க்கையும் பிணைந்தது இந்தச் சாலையில்தான். பின்னர் கேம்பிரிட்ஜ் கலை, தொழில்நுட்பக் கல்லூரியில் கில்மோர் நவீன மொழிகள் படிக்கப் போனார். பேரட்டும் அங்கே மாணவர். இருவரும் பாட இடைவேளையில் கித்தாரும் கையுமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பழகினார்கள். 1965ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்சுக்குப் போய்த் தெருவோரங்களில் பீட்டில்ஸ் பாடல்களைப் பாடிக் காசு சேர்த்ததும் உண்டு.

1962ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து கில்மோர் ‘ஜோக்கர்ஸ் வைல்ட்’ என்ற உள்ளூர்க் குழுவில் பாடிவந்தார். அக்குழு சொந்தமாக ஓர் இசைத்தட்டையும் அச்சடித்தது. ஏறத்தாழ 50 பிரதிகள் மட்டுமே. குழு கலைந்தபின் எஞ்சிய நண்பர்களோடு பிரான்சில் வாய்ப்புத் தேடினார். அங்கே கருவிகள் திருடு போயின, கையில் காசில்லை. வேனுக்கு எண்ணெய் ஊற்றவும் வழியின்றி, கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த வாகனத்தை இங்கிலாந்துக் கரையில் கையால் தள்ளி இறக்கவேண்டியிருந்தது.

அதே காலத்தில் பேரட்டின் வாழ்க்கை வேறு திசையில் பறந்துகொண்டிருந்தது. வாட்டர்ஸ் (பேஸ் கித்தார்), ரிச்சர்ட் ரைட் (கீபோர்ட்), நிக் மேசன் (டிரம்ஸ்) ஆகியோருடன் லண்டனில் அவர் சேர்ந்த குழுவுக்கு அவரே பெயர் வைத்தார். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு கறுப்பின அமெரிக்க புளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களைச் சேர்த்தால் பிங்க் ஃபிளாய்ட். 1967இல் வந்த முதல் இசைத்தொகுப்பின் பெரும்பாலான பாடல்கள் பேரட் எழுதியவை. குழுவின் முகமும் குரலும் கித்தாரும் அவரே.

அந்த ஆண்டு மே மாதம் லண்டன் வந்த கில்மோர், நண்பரின் ஒலிப்பதிவைப் பார்க்கப் போனார். பேரட்டுக்குத் தம்மை அடையாளமே தெரியவில்லை என்பது அவருக்குப் பேரதிர்ச்சி.

ஐந்து பேர் நான்கு பேரான கதை

பேரட் எல்எஸ்டி என்னும் போதைமருந்தை அளவின்றி எடுத்துக்கொண்டிருந்தார். மனநோயும் சேர்ந்துகொண்டது. மேடையில் ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டு நிற்பார். சில நாட்களில் எதையும் வாசிக்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1967ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் மேசன் கில்மோரை அணுகினார். பேரட் வீட்டிலிருந்து பாடல் எழுதட்டும், மேடையில் கில்மோர் வாசிக்கட்டும் என்பது முதலில் இருந்த எண்ணம். 1968 ஜனவரியில் குழு ஐவரானது.

ஐவரும் சேர்ந்து வாசித்தவை ஒரு சில நிகழ்ச்சிகள் மட்டுமே. ஓர் ஒத்திகையில் பேரட் புதிய பாடல் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் பிடித்துவிட்டோம் என்று நினைக்கும்போதெல்லாம் அது மாறிக்கொண்டே இருந்தது. வேண்டுமென்றே மாற்றுகிறார் என்பது அவர்களுக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த மாத இறுதியில் சவுத்தாம்ப்டன் நகருக்கு நிகழ்ச்சிக்காகக் கிளம்பினார்கள். சிட்டைப் போய் அழைத்து வரலாமா என்று காரில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றார் இன்னொருவர். கார் நிற்காமல் போனது. அவ்வளவுதான். ஏப்ரல் மாதம் அவர் விலகியது அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது.

நண்பரின் பாடல்களை நண்பரைப் போலவே பாடி வாசிக்கவேண்டியது கில்மோரின் முதல் வேலை. எந்த இளைஞனுக்கும் அது சங்கடமான நிலைதான். ஆனால் அவர் பேரட்டைக் கைவிடவில்லை. பேரட்டின் முதல் தனித் தொகுப்பு ஒலிப்பதிவுக்கூடத்தில் முடிவடையாமல் கிடந்தபோது, வாட்டர்ஸுடன் சேர்ந்து அதை முடித்துக்கொடுத்தார். இரண்டாவது தொகுப்பை ரைட்டுடன் சேர்ந்து தயாரித்தார். பாடகர் ஒரு முறை பாடியதுபோல் மறுமுறை பாடமாட்டார், தாளமும் நிற்காது. அவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஓடிப் பிடிக்கவேண்டும். இரண்டு தொகுப்புகளும் 1970இல் வெளிவந்தன. அதன்பின் பேரட் இசையுலகைவிட்டு விலகி, கேம்பிரிட்ஜில் தாயாரின் வீட்டுக்குத் திரும்பினார். படம் வரைவது, தோட்டவேலை என்று மீதி வாழ்நாள் கழிந்தது. அவருக்குச் சேரவேண்டிய உரிமைத் தொகை முறையாகப் போய்ச் சேர்வதைக் கில்மோர் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டார்.

ஒரு கறுப்புக் கித்தார்

1970இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது நியூ ஆர்லியன்சில் குழுவின் கருவிகள் திருடப்பட்டன. அந்த ஆண்டு நியூயார்க்கில் உள்ள மேனீஸ் கடையில் கில்மோர் ஒரு கறுப்பு ‘ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ கித்தாரை வாங்கினார். கலைநிகழ்ச்சிக் குழுக்களில் கித்தார் வாசிப்பவர்களுக்கு இந்த வகையின் பெயர் புதிதல்ல. கடையில் யாரும் வாங்கக்கூடிய சாதாரணக் கருவிதான் அது. கழுத்துப் பகுதியை மாற்றுவதும் மின்சுருளை மாற்றுவதுமாக அதை அவர் பலமுறை பிரித்து மாட்டினார். எழுபதுகளில் பிங்க் ஃபிளாய்டின் புகழ்பெற்ற கித்தார் வாசிப்புகளில் பெரும்பாலானவை அதிலிருந்து வந்தவை.

கில்மோரின் வாசிப்பு வேகத்துக்குப் பெயர்போனது அல்ல. அறுபதுகளின் இறுதியில் லண்டனில் வேகமாக விரலை ஓட்டுபவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். தம் விரல்கள் அப்படி வேகமானவை அல்ல என்று அவரே நேர்காணல்களில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு சுரத்தை எடுத்தால் அதை நீண்ட நேரம் நிற்கவிடுவார். தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்து, ஒரு சுரத்திலிருந்து மேல் சுரத்துக்கு மெல்ல ஏற்றுவார். உச்சியில் சற்று அதிரவைத்துப் பிறகே விடுவார்.

வீணை கேட்டுப் பழகிய காதுக்கு இது அன்னியமாக இருக்காது. வீணையிலும் மெட்டின்மேல் தந்தியை இழுத்துத்தான் கமகம் பிறக்கிறது. கில்மோர் கர்நாடக இசை கற்றவர் அல்லர். அவர் வந்தது புளூஸ் வழி. இருந்தாலும் இரண்டு இடத்திலும் உழைப்பது தந்தியை இழுக்கும் விரல்தான். பியானோவில் இதைச் செய்ய முடியாது. கித்தார் மனிதக் குரல்போல் ஒலிக்கவேண்டுமென்றால் இந்த இழுப்புச் சரியாக வரவேண்டும். கால் சுரம் பிசகினாலும் அபசுரம். கில்மோரிடம் அது பிசகுவது அரிது.

அவருடைய பாட்டுக்குரலும் அத்தகையதே. கத்தாது, மென்மையாக, சற்றுக் கரகரப்போடு, புகைபோல் எழும். 1971இல் வந்த ‘எக்கோஸ்’ என்ற 23 நிமிடப் பாடலில் அவரும் ரைட்டும் இணைந்து பாடும்போது எது யாருடைய குரல் என்று பிரித்தறிவது கடினம். அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் பொம்பேயில், எரிமலையால் புதையுண்ட பழைய நகரத்தின் திறந்தவெளி அரங்கில், பார்வையாளர்களே இல்லாமல் அவர்கள் வாசித்தது படமாக்கப்பட்டது. 45 ஆண்டுகள் கழித்து 2016 ஜூலையில் கில்மோர் அதே அரங்குக்குத் திரும்பி இரண்டு இரவு வாசித்தார். இம்முறை பார்வையாளர்கள் இருந்தார்கள்.

வரிகள் ஒருவருடையவை, குரல் இன்னொருவருடையது

1973 மார்ச் மாதம் வெளிவந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தொகுப்பு குழுவின் தலையெழுத்தை மாற்றியது. லண்டன் ஏபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவான அதன் விற்பனை 45 மில்லியனைத் தாண்டிவிட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 1973 முதல் 1988 வரையான காலத்தில் மட்டும் 741 வாரங்கள் அது இடம்பெற்றிருந்தது. காலம், பணம், சண்டை, மரணம், மனப்பிறழ்வு என்று எல்லோர் வாழ்விலும் உள்ளவையே பாடுபொருள்.

‘மணி’ என்ற பாடல் காசு கொட்டும் சத்தத்தோடு தொடங்குகிறது. ராக் இசையில் பெரும்பாலான பாடல்கள் நான்கு எண்ணிக்கையில் நடக்கும். இது ஏழில் நடக்கிறது. மிஸ்ர சாபு தாளம் போட்டுப் பழகியவர்கள் தொடையில் தட்டிப் பார்க்கலாம். கில்மோரின் தனிவாசிப்பு வந்ததும் தாளம் நான்குக்குத் திரும்புகிறது. இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டதுபோல் கித்தார் பாய்ந்து ஓடும். அதில் சாக்சபோன் வாசித்த டிக் பேரி, கில்மோரின் கேம்பிரிட்ஜ் நண்பர்.

பிற்காலச் சண்டைக்கான விதை இந்தத் தொகுப்பிலேயே இருக்கிறது. பாடல் வரிகள் அத்தனையும் வாட்டர்ஸ் எழுதியவை. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பாடியவர் கில்மோர். கேட்பவர் மனத்தில் வாட்டர்ஸின் எண்ணங்கள் கில்மோரின் குரலில்தான் பதிந்தன. அப்படியானால் பாடல் யாருடையது? குழு ஒற்றுமையாக இருந்தவரை இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

1975இல் ‘விஷ் யூ வேர் ஹியர்’ தொகுப்பு உருவானது. ஒத்திகையில் கில்மோர் தற்செயலாக மீட்டிய நான்கு சுரங்கள் வாட்டர்ஸின் காதில் விழுந்தன. ஏதோ தொலைந்துபோன துக்கம் அதில் இருந்தது. அதைக் கேட்டு வாட்டர்ஸ் பேரட்டை நினைத்து எழுதிய பாடல்தான் ‘ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்’. ஒன்பது பகுதிகள், 25 நிமிடங்களுக்கும் மேல்.

ஜூன் 5ஆம் தேதி அந்தப் பாடலை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் வந்தார். அங்கிருந்தவர்களுக்கு நெடுநேரம் அவரை அடையாளம் தெரியவில்லை. அவர்தான் சிட் பேரட். தெரிந்ததும் வாட்டர்ஸ் அழுதுவிட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் பேரட்டுக்குக் கில்மோரைத் தெரியாமல் போனதும் இப்படி ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில்தான். தொகுப்பின் தலைப்புப் பாடலைக் கில்மோரும் வாட்டர்ஸும் சேர்ந்து அமைத்தார்கள், பாடியவர் கில்மோர். பேரட்டை நினைக்காமல் அதைப் பாட முடிவதில்லை என்று அவர் பின்னர் கூறியிருக்கிறார்.

இதே ஆண்டு அவர் செய்த இன்னொரு காரியமும் குறிப்பிடத்தக்கது. நண்பர் ஒருவர்மூலம் ஒரு பள்ளிச் சிறுமியின் பாடல் ஒலிநாடா அவர் கைக்கு வந்தது. தரமான ஒலிப்பதிவுக்கூடத்தில் அச்சிறுமி பாடுவதற்குத் தம் பணத்தைச் செலவிட்டு, ஈஎம்ஐ நிறுவனத்தின் கவனத்துக்கும் கொண்டுபோனார். அவர்தான் கேட் புஷ். 1978இல் தாமே எழுதிய பாடலால் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தார். பதினாறு வயதில் கில்மோரின் செலவில் பதிவான இரண்டு பாடல்கள் அவருடைய முதல் தொகுப்பில் அப்படியே இடம்பெற்றன.

சுவர்

1977இல் வந்த ‘அனிமல்ஸ்’ தொகுப்பில் 17 நிமிடப் பாடல் ஒன்றை வாட்டர்ஸுடன் சேர்ந்து எழுதியதோடு கில்மோரின் பங்கு சுருங்கியது. மறு ஆண்டு சொந்தப் பெயரில் முதல் தனித் தொகுப்பை வெளியிட்டார். அதற்காக அமைத்து, பயன்படுத்தாமல் வைத்திருந்த ஒரு மெட்டு 1979ஆம் ஆண்டு ‘தி வால்’ தொகுப்பில் ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாடலாக மாறியது.

கில்மோர், வாட்டர்ஸ் உறவு முழுவதும் அந்த ஒரு பாடலில் இருக்கிறது. மெட்டு கில்மோருடையது, வரிகள் வாட்டர்ஸுடையவை. நோயுற்ற ராக் பாடகரை ஊசி போட்டு மேடையேற்றும் மருத்துவரின் பகுதியை வாட்டர்ஸ் பாடுகிறார். உணர்விழந்து மிதக்கும் நோயாளியின் பகுதியைக் கில்மோர் பாடுகிறார். ஒருவர் குரல் வறண்டு பேசுகிறது. மற்றவர் குரல் வானில் எழுகிறது. அந்தப் பாடலுக்குப் பெரிய வாத்தியக் குழு வேண்டுமா, கித்தாரும் டிரம்ஸும் போதுமா என்று இருவரும் கடுமையாகச் சண்டையிட்டுக்கொண்டார்கள். கடைசியில் இரண்டையும் கலந்து முடித்தார்கள். யாராவது ஒருவர் முழுமையாக வென்றிருந்தால் பாடல் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

அதன் இறுதியில் வரும் தனிவாசிப்பு ஒரே மூச்சில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கில்மோர் ஐந்தாறு முறை வெவ்வேறு விதமாக வாசித்துப் பதிவுசெய்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கேட்டு, எந்த இடத்தில் எந்த வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று தாளில் குறித்தார். அந்தக் குறிப்பின்படி ஒலிக்கலவை மேசையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி ஒட்டுப்போட்டார். கேட்கும்போது ஒட்டு எங்கே என்று தெரியாது.

பள்ளிப் பிள்ளைகள் பாடும் பாடலும் இந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. பாடியவர்கள் லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளி மாணவர்கள். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் காலத்தில் அது முதலிடம் பிடித்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியின் கல்வி முறையை எதிர்த்த மாணவர்கள் அதைப் பாடத் தொடங்கவே, 1980இல் அந்த அரசு பாடலைத் தடைசெய்தது.

அதன் மேடை நிகழ்ச்சிகளில், பார்வையாளர்களுக்கும் குழுவுக்கும் இடையே அட்டைக் கற்களால் உண்மையிலேயே ஒரு சுவர் எழுப்பப்பட்டது. ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாடும்போது கில்மோர் அந்தச் சுவரின் உச்சியில் நின்று வாசிப்பார். ரைட்டை வாட்டர்ஸ் ஏற்கெனவே குழுவைவிட்டு வெளியேற்றியிருந்தார். அவர் சம்பளத்துக்கு வாசிக்கும் கலைஞராகத்தான் மேடையேறினார். நிகழ்ச்சிகள் பெரும் நட்டத்தில் முடிந்ததால், நால்வரில் கையில் காசு பார்த்தவர் அவர் ஒருவரே. முதலாளிகளுக்கு நட்டம், கூலிக்கு வந்தவருக்கு லாபம்.

வழக்கும் படகும்

1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் கில்மோர் முன்னின்று பாடியது ஒரே ஒரு பாடலில்தான். 1985இல் வாட்டர்ஸ் விலகினார். தாம் போனதும் குழு முடிந்தது என்பது அவர் எண்ணம். கில்மோரும் மேசனும் அப்படி நினைக்கவில்லை. பிங்க் ஃபிளாய்ட் என்ற பெயரை அவர்கள் பயன்படுத்துவதைத் தடுக்க வாட்டர்ஸ் 1986இல் லண்டன் உயர் நீதிமன்றம் போனார்.

வழக்கு நடக்கும்போதே புதிய தொகுப்பு வேலையும் நடந்தது. பெரும்பகுதி, தேம்ஸ் நதியில் கில்மோர் வாங்கி ஒலிப்பதிவுக்கூடமாக்கிய ‘அஸ்டோரியா’ என்ற 1911ஆம் ஆண்டுப் படகு வீட்டில் உருவானது. சுற்றுப்பயணச் செலவுக்கு மேசன் தமது ஃபெராரி காரை அடகுவைத்தார். தோற்றால் இருவரும் கடனாளிகள். 1987 செப்டம்பரில் வந்த தொகுப்பும் அதைத் தொடர்ந்த உலகச் சுற்றுப்பயணமும் வெற்றி பெற்றன. அந்த ஆண்டு டிசம்பரில், அதே படகில் உட்கார்ந்து இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. பெயர் கில்மோர், மேசன் பக்கம் நின்றது. ‘தி வால்’ படைப்பின் உரிமை வாட்டர்ஸிடம் போனது. தாம் வழக்குத் தொடுத்தது தவறு என்று வாட்டர்ஸ் 2013இல் பிபிசி நேர்காணலில் சொன்னார்.

வாட்டர்ஸ் இல்லாத பிங்க் ஃபிளாய்டில் குறையும் தெரிந்தது. கில்மோருக்கு மெட்டு சரளமாக வரும், வரிகள் வருவதில்லை. 1994இல் வந்த ‘தி டிவிஷன் பெல்’ தொகுப்பில் அவருக்குக் கைகொடுத்தவர் எழுத்தாளர் போலி சாம்சன். அந்த ஆண்டு இருவரும் மணம் செய்துகொண்டார்கள். அதுமுதல் அவருடைய பாடல்களில் பெரும்பாலான வரிகள் மனைவி எழுதியவை. அத்தொகுப்பின் ‘மரூண்ட்’ என்ற வாத்திய இசைக்குக் கிராமி விருது கிடைத்தது. இறுதிப் பாடல் ‘ஹை ஹோப்ஸ்’ கேம்பிரிட்ஜ் நினைவுகளைப் பற்றியது. வாட்டர்ஸ் காலத்து ஆழம் இந்தத் தொகுப்புகளில் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு, பாதி உண்மைதான். ஆனால் அந்த இறுதிப் பாடலின் முடிவில் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கித்தாரில் அவர் கொண்டுவரும் ஏக்கம், முந்தைய எதற்கும் குறைந்ததல்ல.

2005 ஜூலை 2ஆம் தேதி, உலக வறுமைக்கு எதிரான ‘லைவ் 8’ நிகழ்ச்சிக்காக லண்டன் ஹைட் பார்க்கில் நால்வரும் 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மேடையில் நின்றார்கள். கில்மோர் முதலில் மறுத்தார். வாட்டர்ஸ் தாமே தொலைபேசியில் அழைத்த பிறகு சம்மதித்தார். நிகழ்ச்சிக்குப் பின் இசைத்தட்டு விற்பனை எகிறியது. அதனால் வரும் லாபத்தை அறப்பணிக்குத் தருவதாகக் கில்மோர் அறிவித்தார். மீண்டும் சேர்ந்து சுற்றுப்பயணம் போகப் பெருந்தொகை பேசப்பட்டும் அவர் இணங்கவில்லை. மறு ஆண்டு பேரட் காலமானார், வயது 60. 2008இல் ரைட்டும் மறைந்தார். பிறகு நால்வர் சேரும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. 2011இல் லண்டனில் வாட்டர்ஸின் நிகழ்ச்சியில் ஒரே ஒரு முறை கில்மோர் சுவரின்மேல் ஏறி நின்று பழைய பாடலை வாசித்தார்.

விற்றதும் கொடுத்ததும்

லண்டனில் இருந்த தம் வீட்டை இளவரசி டயானாவின் சகோதரர் ஏர்ல் ஸ்பென்சருக்கு விற்றார். கிடைத்த 3.6 மில்லியன் பவுண்டையும் வீடற்றோருக்கு உதவும் ‘கிரைசிஸ்’ அமைப்புக்குக் கொடுத்தார். 2003இல் பிரிட்டிஷ் அரசின் சிபிஇ விருது பெற்றார்.

2019 ஜூன் 20ஆம் தேதி நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அவருடைய 120க்கும் மேற்பட்ட கித்தார்களை ஏலம் விட்டது. மொத்தம் 21.49 மில்லியன் அமெரிக்க டாலர் திரண்டது. கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் மட்டும் 3.975 மில்லியன் டாலருக்குப் போனது. அதுவரை ஏலத்தில் எந்தக் கித்தாரும் அந்த விலைக்குப் போனதில்லை. வாங்கியவர் அமெரிக்கக் காற்பந்துக் குழு உரிமையாளர் ஜிம் அர்சே. பணம் முழுவதும் பருவநிலை மாற்றத்துக்கு எதிராகச் சட்ட வழியில் போராடும் ‘கிளையண்ட் எர்த்’ அமைப்புக்குச் சென்றது. கருவிமேல் பற்று வைத்தவர்களுக்கு இது மனத்தை உறுத்தலாம். கில்மோரின் கணக்கு வேறு: அதே அமைப்பில் ஃபெண்டர் நிறுவனம் செய்யும் நகல் கடையில் கிடைக்கிறது. அதற்குப் பிந்தைய மேடைகளில் அவர் கறுப்பு நகலைத்தான் வாசிக்கிறார்.

2022இல் ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்தபோது, அவரும் மேசனும் பிங்க் ஃபிளாய்ட் பெயரில் ஒரு புதிய பாடலை வெளியிட்டார்கள். உக்ரேனியப் பாடகர் ஆண்ட்ரி கிளிவ்னியூக், கீவ் நகரின் தெருவில் நின்று பாடிய பதிவைச் சுற்றி அது அமைந்தது. கீபோர்ட் வாசித்தவர் இந்திய வம்சாவளி பிரிட்டிஷ் இசைக்கலைஞர் நிதின் சாஹ்னி. வருமானம் உக்ரேன் மனிதநேய உதவிக்குப் போனது.

2024 செப்டம்பரில் ‘லக் அண்ட் ஸ்டிரேஞ்ச்’ என்ற தனித் தொகுப்பு வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 78. தலைப்புப் பாடலில் ஒலிக்கும் கீபோர்ட் ரைட்டுடையது. 2007இல் கில்மோர் வீட்டுக் களஞ்சியத்தில் சும்மா உட்கார்ந்து வாசித்தபோது பதிவானது. இன்னொரு பாடலைப் பாடியவர் மகள் ரோமனி. அடுத்த மாதம் பிங்க் ஃபிளாய்டின் ஒலிப்பதிவு உரிமைகளைச் சோனி நிறுவனம் ஏறத்தாழ 400 மில்லியன் டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. பணத்தைவிட, அந்த உரிமைகளை வைத்து ஓயாமல் நடந்த வாக்குவாதங்களிலிருந்து விடுபடவே அதற்குச் சம்மதித்ததாகக் கில்மோர் கூறியிருந்தார். அந்த ஆண்டு ரோம், லண்டன், லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் ஆகிய நகரங்களில் அவர் மேடையேறினார். ஒவ்வோர் இரவும் ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாடலோடு நிகழ்ச்சி முடிந்தது.